நோட்டரி கட்டணம், விதிகள்: மாற்றச் சொல்லி எம்.பி.க்கு எழுதினால் ஏதாவது நடக்குமா?

ஆரணிக்காரன் கேட்டது:

சட்டம் தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். மகளுக்குக் கல்விக்கடன் கேட்டுப் போன இடத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, ஆதாரில் என் பெயர் முழுசாக முன்னால் இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சரி என்று கோர்ட் வாசலில் டைப் அடிப்பவரிடம் போனோம். அவர் முத்திரைத் தாளில் அடித்து, மகளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "இங்கேயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், சிவப்பு ஸ்டிக்கரும் வட்ட சீலுமாகத் திரும்பி வந்தார். என் மகள் அந்த நோட்டரியைப் பார்க்கவில்லை, அவரும் இவளைப் பார்க்கவில்லை. ஆனால் பத்திரத்தில் "என் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எல்லாம் சேர்த்து 600 ரூபாய். ரசீது கேட்டதற்கு டைப்பிஸ்ட் சிரித்தார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நோட்டரி விதிகள், 1956 என்பதை எடுத்துப் படித்தேன். விதி 10-ல் எந்த வேலைக்கு எவ்வளவு வரை வாங்கலாம் என்று பட்டியலே இருக்கிறது. பிரமாணம் செய்துவைப்பதற்கு எழுதியிருக்கும் உச்சத் தொகை நூறு ரூபாயைக்கூடத் தொடவில்லை. அந்தப் பட்டியலை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும் என்றும் அதே விதியில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு போர்டை நான் பார்த்ததில்லை, நீங்கள் யாராவது பார்த்திருந்தால் படம் போடுங்கள்.

எங்கள் தெருவில் நாலு பேரும் வியாபாரிகள் சங்கத்துக்காரர்களும் கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார்கள். இது எம்.எல்.ஏ. கையில் இருக்கிற விஷயமா, எம்.பி. கையில் இருக்கிற விஷயமா? ஓட்டெடுப்பு என்று ஒன்று உண்டா? நான் எழுதி வைத்திருப்பது இது:

"மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு, நோட்டரிகள் அரசு நிர்ணயித்ததைவிடப் பல மடங்கு வசூலிக்கிறார்கள். கட்டணத்தை மேலும் குறைத்து, மீறுகிறவர்களைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடுமாறு கேட்டுக்கொள்கிறோம்."

போதுமா? சேர்க்க வேண்டியது இருந்தால் சொல்லுங்கள்.

தாழ்வாரம் பதில்:

இந்தக் கடிதம் இப்படியே போனால் எம்.பி. அலுவலகத்தில் "பெறப்பட்டது" என்று முத்திரை குத்தி ஃபைலில் போட்டுவிடுவார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் ஓட்டுப் போடச் சொல்கிற சட்டமே அவர் முன்னால் இல்லை.

கட்டணம் சட்டத்தில் இல்லை, விதியில் இருக்கிறது. நோட்டரி சட்டம், 1952-ன் 15-ஆம் பிரிவு விதிகள் செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது, அந்த அதிகாரத்தில் வந்ததுதான் 1956 விதிகள். அதாவது சட்ட அமைச்சகத்தின் சட்ட விவகாரத் துறை ஒரு அரசிதழ் அறிவிக்கை போட்டால் கட்டணம் மாறிவிடும், நாடாளுமன்றத்தில் யாரும் கை தூக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் போட்ட விதியை இரண்டு அவைகளிலும் 30 நாள் வைத்தாக வேண்டும். அந்தக் காலத்துக்குள் இரண்டு அவைகளும் ஒத்துக்கொண்டால் விதியைத் திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். காகிதத்தில் இருக்கிற இந்த அதிகாரத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை என்பது வேறு கதை.

எம்.எல்.ஏ.வைப் பொறுத்தவரை, நோட்டரி செய்கிற பத்திரத்தில் ஒட்ட வேண்டிய முத்திரைத் தீர்வை விகிதம் மாநிலத்தின் கையில் இருக்கிறது, நோட்டரிகளை நியமிக்கிற அதிகாரமும் மாநில அரசுக்கு உண்டு (மத்திய அரசும் தனியாக நியமிக்கிறது). ஆனால் மாநிலம் எத்தனை பேரை நியமிக்கலாம் என்ற உச்ச எண்ணிக்கைகூட மத்திய விதிகளின் அட்டவணையில்தான் இருக்கிறது. 2025 அக்டோபரில்தான் தமிழ்நாட்டுக்கு 2500 என்று இருந்ததை 3500 ஆக்கினார்கள், குஜராத்துக்கு 2900-லிருந்து 6000. ஆள் எண்ணிக்கையை உயர்த்த ஒரு அறிவிக்கை போட முடிகிறவர்களுக்குக் கட்டணப் பட்டியலையும் சேர்த்துத் திருத்துவது ஒன்றும் மலையைப் பெயர்க்கும் வேலை இல்லை.

ஓட்டெடுப்பு தேவைப்படுகிற விஷயங்களும் இருக்கின்றன. ஒன்று, 13-ஆம் பிரிவு. நோட்டரி தன் வேலையைச் செய்யும்போது செய்த குற்றத்துக்காக நீங்களோ நானோ நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது, அரசு அதற்கென்று அதிகாரம் கொடுத்த அதிகாரி எழுத்து மூலம் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அதைக் கையில் எடுக்கும். நேர்மையானவரைப் பொய்க் கேஸிலிருந்து காப்பாற்ற வந்த பிரிவு இது, சந்தேகமில்லை. ஆனால் கையெழுத்துப் போட்டவர் வரவே இல்லை என்று தெரிந்தும் சீல் குத்தியவருக்கும் அதே குடைதான். இதை மாற்ற வேண்டுமானால் நாடாளுமன்றம்தான் ஓட்டுப் போட வேண்டும்.

இன்னொன்று, 2021 கடைசியில் சட்ட விவகாரத் துறை வெளியிட்ட நோட்டரி திருத்த மசோதா வரைவு. டிசம்பர் 15 வரை கருத்துக் கேட்டார்கள். ஒருவர் மொத்தம் 15 ஆண்டுதான் நோட்டரியாக இருக்கலாம் (முதலில் 5, அப்புறம் இரண்டு தடவை புதுப்பிப்பு), விசாரணை நடக்கும்போது சான்றிதழை நிறுத்தி வைக்கும் அதிகாரம், பதிவுகளை டிஜிட்டல் ஆக்குவது, இவை அதில் இருந்தன. வந்த வேகத்தில் போய்விட்டது, சட்டமாகவில்லை. எம்.பி.யிடம் கேட்பதானால் இதைக் கேளுங்கள்: அந்த வரைவு எங்கே, எப்போது அவைக்கு வரும்?

பழைய_கவுன் பதில்:

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் நோட்டரி. கேள்வி கேட்டவர் மேல் கோபமில்லை, அவர் சொன்ன 600 ரூபாய்க் கதை எல்லாக் கோர்ட் வாசலிலும் நடக்கிறது. ஆனால் அந்த 600-ல் நோட்டரி கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று யோசித்தீர்களா? பத்திரம் விற்பவர், டைப் அடிப்பவர், உள்ளே எடுத்துப் போனவர் எல்லாரும் எடுத்தது போக நூறோ நூற்றைம்பதோ வந்திருக்கும். அது விதிக்கு மேல்தான், மறுக்கவில்லை. மீதியை வாங்கியவர்கள் எந்த விதிக்கும் உட்பட்டவர்கள் இல்லை என்பதையும் பாருங்கள்.

நோட்டரி ஆவது எப்படி என்று பலருக்குத் தெரியாது. பத்து ஆண்டு வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் ஏழு ஆண்டு. சான்றிதழ் ஐந்து ஆண்டுக்கு (1999 திருத்தத்துக்கு முன்பு மூன்று ஆண்டு), அப்புறம் புதுப்பிக்க வேண்டும். இத்தனையும் செய்து உட்காருகிறவரிடம், வந்தவரின் அடையாள அட்டையைப் பார், பத்திரத்தைப் படித்துக் காட்டு, புரிந்ததா என்று கேள், கையெழுத்தைக் கண்ணால் பார், பதிவேட்டில் எழுது, அதிலும் கையெழுத்து வாங்கு, சீல் போடு, ரசீது கொடு, இத்தனைக்கும் சேர்த்து நூறு ரூபாய்க்குள் வாங்கு என்று சொல்கிறது விதி. ஒழுங்காகச் செய்தால் ஒரு பிரமாணப் பத்திரத்துக்கு இருபது நிமிடம் ஆகும். வயதானவர் ஒருவர் பவர் எழுதிக் கொடுக்க வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும், ஏனென்றால் கூட வந்த மகன் வெளியே போனபிறகுதான் அவர் வாயைத் திறப்பார். நான் மகனை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்பேன். "எதுக்குக் கையெழுத்துப் போடறீங்கன்னு தெரியுமா ஐயா?" என்று கேட்டதற்கு, "ரேஷன் கார்டுக்குன்னு சொன்னான்" என்றார் ஒருவர். அவர் கையில் இருந்தது வீட்டை விற்பதற்கான பவர். சீல் போடாமல் திருப்பி அனுப்பினேன். அந்த மகன் அடுத்த தெருவில் அதைப் போட்டுக்கொண்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

தொகை இவ்வளவு குறைவாக இருந்தால் நடப்பது இதுதான். கொடுத்த ரசீதே தனக்கு எதிரான சாட்சி ஆகிவிடும் என்பதால் கூடுதலாக வாங்குகிற எவரும் ரசீது தரமாட்டார். ரசீது இல்லை என்றால் கட்டணப் பதிவேட்டில் எழுத மாட்டார். அதில் எழுதாததை நோட்டரி பதிவேட்டில் எழுதினால் கணக்கு இடிக்கும், அதனால் அதையும் எழுத மாட்டார். கடைசியில் உங்கள் மகள் கையெழுத்துப் போட்டதற்கு அந்தப் பத்திரத்தைத் தவிர உலகத்தில் வேறு எந்தத் தடயமும் இல்லை. நாளைக்கு யாராவது அந்தப் பெயரில் இன்னொரு பத்திரம் போலியாகச் செய்தால், எது உண்மை என்று ஒப்பிட ஒன்றும் இருக்காது. இருக்கிற கட்டணத்தை "மேலும் குறை" என்று நீங்கள் எழுதினால் இந்த நோயை வளர்க்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம்.

என் கருத்து, கட்டணத்தை உயர்த்துங்கள். நியாயமாக ஒரு 250, 300 என்று வையுங்கள், சில ஆண்டுக்கு ஒருமுறை விலைவாசியை வைத்து மறுபரிசீலனை என்று விதியிலேயே எழுதுங்கள். அதற்குப் பிறகு ரசீது தராதவர், பதிவேடு எழுதாதவர், ஆள் வராமல் சீல் போட்டவர் எல்லாரையும் சான்றிதழைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்புங்கள். முதலில் நானே கை தட்டுவேன்.

15 ஆண்டு வரம்பு மட்டும் வேண்டாம். அனுபவம் வந்த பிறகு எழுந்து போகச் சொல்வது என்ன நியாயம்? இளம் வக்கீல்களுக்கு இடம் வேண்டும் என்கிறார்கள், அதற்குத்தான் எண்ணிக்கையை உயர்த்திவிட்டார்களே.

மூன்றாம்_மாடி பதில்:

வக்கீல் சார், நீங்கள் சொல்வது எல்லாம் சரி, ஆனால் உயர்த்தினால் மட்டும் ரசீது வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. ஆட்டோ மீட்டர் கட்டணத்தை உயர்த்தியபோதும் இதையேதான் சொன்னார்கள்.

அது இருக்கட்டும். நான் கேட்க வந்தது, இத்தனை பிரமாணப் பத்திரம் எதற்கு? 2014-லேயே நிர்வாகச் சீர்திருத்தத் துறை எல்லா அமைச்சகங்களையும் மாநிலங்களையும் சுய சான்றளிப்பு போதும் என்று மாறச் சொன்னது. சட்டம் கட்டாயம் என்று சொல்லாத இடத்தில் பிரமாணப் பத்திரம் கேட்காதீர்கள் என்பதுதான் அதன் சாரம். பத்து வருடம் கழிந்தும் வங்கியில் கேட்கிறார்கள், பள்ளியில் கேட்கிறார்கள், கேஸ் இணைப்பைப் பெயர் மாற்றப் போனால் கேட்கிறார்கள். கேட்கிற கிளார்க்குக்கு அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு காகிதம், அவ்வளவுதான். இனிஷியல் முன்னால் பின்னால் போனதற்கு ஒரு சொந்த உறுதிமொழி போதாதா? தமிழ்நாட்டில் பாதிப் பேருக்கு இந்த இனிஷியல் தலைவலி இருக்கிறது, வடக்கே செய்த படிவத்தில் "கடைசிப் பெயர்" என்று ஒரு கட்டம் இருப்பதால் வந்த வினை.

வாடகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். பதினோரு மாதம் என்று போட்டு நோட்டரியிடம் சீல் வாங்கினால் போதும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நோட்டரி சீல் அதற்கு மாற்று இல்லை. இருந்தும் வீட்டுக்காரர்களும் புரோக்கர்களும் நோட்டரியிடம்தான் போகிறார்கள். செல்லாத இடத்தில் சீல் வாங்க வரிசையில் நிற்கிறோம், அப்புறம் கட்டணம் அதிகம் என்று புலம்புகிறோம்.

கடிதத்தில் இதையும் சேருங்கள்: எந்தெந்தச் சேவைக்குப் பிரமாணப் பத்திரம் கட்டாயம் என்று ஒரு பட்டியல் வெளியிடச் சொல்லுங்கள், அதில் இல்லாததைக் கேட்டால் யாரிடம் புகார் என்றும் சேர்த்து.

பழைய_கவுன் பதில்:

@மூன்றாம்_மாடி, உங்கள் யோசனையால் என் வருமானம்தான் முதலில் குறையும், ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன். கல்யாணத்தையே நோட்டரியிடம் வந்து முத்திரைத் தாளில் முடித்துக்கொண்டு போகிற கூட்டம் இருக்கிறது, விவாகரத்தும் அப்படியே. நோட்டரி ஒன்றும் திருமணப் பதிவாளர் இல்லை, இந்த மாதிரிப் பத்திரம் செய்தால் தவறான நடத்தையாக எடுத்துக்கொள்வோம் என்று 2024 அக்டோபரில் சட்ட விவகாரத் துறை எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது. அந்த அளவுக்கு இந்த சீலின் மேல் ஜனங்களுக்கு நம்பிக்கை. எங்களில் சிலர் அதை வைத்துப் பிழைக்கிறார்கள்.

எடிசன்_வாசி பதில்:

நான் இருப்பது நியூஜெர்சியில். இங்கே நோட்டரி வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, வங்கியில் கவுன்டரில் இருக்கிறவர், தபால் பெட்டிக் கடை நடத்துகிறவர், யார் வேண்டுமானாலும் ஆகலாம். கட்டணத்தைப் பல மாநிலச் சட்டமன்றங்கள் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. எங்கள் மாநிலத்தில் சாதாரணக் கையெழுத்துச் சான்றுக்கு இரண்டரை டாலர், நியூயார்க்கில் 2 டாலர், கலிஃபோர்னியாவில் 15. கலிஃபோர்னியா 2017-ல் 10-லிருந்து 15 ஆக்கியது, டெக்சஸ் 2023-ல் 6-லிருந்து 10 ஆக்கியது. சட்டத்தில் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் மசோதா, கமிட்டி, ஓட்டு என்று போக வேண்டும். அதனால் நோட்டரிகளின் சங்கங்கள் உறுப்பினர்களுக்கு எழுதிக்கொண்டே இருக்கின்றன. இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை, ஒரு அறிவிக்கையில் முடிந்துவிடும், ஆனால் அதைப் போட வைக்க யாருக்கும் அவசரம் இல்லை போலிருக்கிறது.

வீடியோவில் ஆளைப் பார்த்துச் சான்றளிப்பது இங்கே பல மாநிலங்களில் வந்துவிட்டது. வர்ஜீனியா 2012-லேயே ஆரம்பித்தது. நியூயார்க் 2023-ல் அனுமதித்தபோது, மின்னணு முறைக்கு 25 டாலர் வரை வாங்கலாம் என்றது, அதோடு எல்லா நோட்டரியும் பதிவேடு வைத்துப் பத்து ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. பேப்பர் வேலைக்கு மட்டும் அதே 2 டாலர். இதைப் பார்த்தால் வக்கீல் சார் சொன்னதற்கு ஒரு எதிர்வாதமும் தோன்றுகிறது: 2 டாலருக்கு யாரும் பிழைப்பு நடத்துவதில்லை, வங்கிகள் தங்கள் வாடிக்கையாளருக்கு இலவசமாகவே செய்கின்றன. வேறு சம்பளம் வாங்குகிறவர் ஓரமாகச் செய்கிற வேலையாக இது இருப்பதால் கட்டணம் குறைவாக இருந்தும் ஓடுகிறது. இந்தியாவில் அதையே முழுப் பிழைப்பாக்கி வைத்துவிட்டுக் கட்டணத்தை மட்டும் இந்த அளவில் வைத்தால் எப்படி?

நாடு முழுக்க ஒரே மாதிரி வீடியோ முறையை அனுமதிக்கும் மத்திய மசோதா ஒன்று 2023 பிப்ரவரியில் கீழவையில் நிறைவேறியது, செனட்டில் ஓட்டுக்கே வராமல் கிடந்து அந்த காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பதவிக்காலத்தோடு காலாவதி ஆனது. ஆகவே கிடப்பில் போடுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று வருத்தப்பட வேண்டாம்.

சொந்த ஊர் விஷயமாக ஒன்று. ஊரில் அப்பா நிலத்துக்குப் பவர் அனுப்பும்போது இங்கே நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு, அதற்கு மாநில அரசிடம் அப்போஸ்டில் (பத்திரம் வெளிநாட்டில் ஏற்கப்படுவதற்கான அரசுச் சான்று) வாங்கி அனுப்பினேன். ஊரில் பத்திரம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இங்கே நோட்டரி என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, முகத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டார். வாங்கியது இரண்டரை டாலர், ரசீதோடு.

சும்மா_இருப்பவன் பதில்:

எத்தனை பேர் எழுதினாலும் ஒன்றும் ஆகாது. 39 எம்.பி.யில் ஒருத்தருக்காவது நோட்டரி கட்டணம் எவ்வளவு என்று தெரியுமா கேளுங்கள். அவர்கள் வேட்புமனுவோடு கொடுக்கிற பிரமாணப் பத்திரத்தையே யாரோ போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

தாழ்வாரம் பதில்:

@சும்மா_இருப்பவன், அதையே கடிதத்தின் முதல் வரியாக வைக்கலாம் :) வேட்புமனு தாக்கல் செய்த ஒவ்வொரு எம்.பி.யும் பிரமாணப் பத்திரம் கொடுத்தவர்தான். சொந்த அனுபவம் உள்ள விஷயம்.

ஒன்றும் ஆகாது என்பதில் முழு உடன்பாடில்லை. தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவது) சட்டமாவது நடக்காத காரியம், இதுவரை 14 தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியாக 1970-ல். ஆனால் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது, 45 ஆண்டுக்குப் பிறகு ஒரு அவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா அதுதான். அது அப்படியே சட்டமாகவில்லை, ஆனால் அரசு தானாக ஒரு மசோதா கொண்டுவர வேண்டிய நெருக்கடியை உண்டாக்கியது. நம் ஊர் எம்.பி. செய்ததுதான்.

அந்த அளவுக்குக்கூடப் போக வேண்டாம். எம்.பி. செய்யக்கூடிய சின்ன வேலைகள் இருக்கின்றன. எழுத்து மூலம் பதில் கேட்டு ஒரு கேள்வி போடலாம், அது ஏற்கப்பட்டால் அமைச்சகம் பதில் சொல்லியே தீர வேண்டும், அந்தப் பதில் இணையத்தில் நிரந்தரமாக இருக்கும். பொதுப் பிரச்சினையை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர மக்களவையில் 377 விதியின் கீழ் எழுதிக் கொடுக்கலாம், மாநிலங்களவையில் அதற்குச் சிறப்புக் குறிப்பு. சட்டம், பணியாளர் துறைகளுக்கான நிலைக்குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். விதிகளைப் பார்ப்பதற்கென்றே இரண்டு அவையிலும் சார்நிலைச் சட்டங்களுக்கான குழு இருக்கிறது, கட்டண விதி பல வருடமாகத் திருத்தப்படாமல் கிடப்பதைப் பற்றி அங்கே எழுதுவது பொருத்தம். மனுக்கள் குழுவுக்குப் போவதானால் ஒரு உறுப்பினர் மேலொப்பம் போட வேண்டும், தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும்.

ஆரணிக்காரன் பதில்:

எல்லாருக்கும் நன்றி. கட்டணத்தைக் குறைக்கச் சொல்வதை எடுத்துவிட்டேன், ஆனால் உயர்த்தச் சொல்லிக் கையெழுத்து வாங்கப் போனால் எங்கள் சங்கத்தில் அடி விழும். "300 ஆக்கு" என்று என்னால் எழுத முடியாது. வேறு எப்படிச் சொல்வது? கீழே உள்ளது சரியா பாருங்கள்:

"ஐயா / அம்மா, தேர்தலுக்கு நீங்கள் கொடுத்தது போன்ற பிரமாணப் பத்திரத்தை எங்கள் தொகுதி மக்கள் அன்றாடம் வங்கிக்கும் பள்ளிக்கும் கொடுக்கிறோம். நோட்டரி விதிகள் 1956-ன் 10-ஆம் விதியில் உள்ள கட்டணத்துக்கு எங்கள் ஊரில் யாரும் அதைச் செய்து தருவதில்லை, ரசீதும் கிடைப்பதில்லை. உங்களிடம் நான்கு கோரிக்கைகள். ஒன்று, நடைமுறைக்கு ஒத்துவரும் கட்டணத்தை நிர்ணயித்து, ரசீது இல்லாமல் வாங்கினால் தவறான நடத்தை என்று விதியில் தெளிவாக எழுத வேண்டும் என்று சட்ட அமைச்சகத்திடம் கேள்வி எழுப்புங்கள். இரண்டு, கையெழுத்திடுகிறவர் நேரில் வராமல் சான்றளித்த புகார்களில் கடந்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை சான்றிதழ் ரத்தானது, மாநில வாரியாகக் கேளுங்கள். மூன்று, 2021-ல் வெளியான திருத்த மசோதாவை, பதிவேட்டை டிஜிட்டல் ஆக்கும் பகுதியோடு, அவைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்தால் அதற்கு ஓட்டுப் போடுங்கள், 13-ஆம் பிரிவுக்கும் திருத்தம் கொடுங்கள். நான்கு, எந்தச் சேவைக்குப் பிரமாணப் பத்திரம் கட்டாயம் என்ற பட்டியலை வெளியிடச் சொல்லுங்கள்."

பழைய_கவுன் பதில்:

நன்றாக இருக்கிறது. "நடைமுறைக்கு ஒத்துவரும் கட்டணம்" என்று போட்டது சாமர்த்தியம், சங்கத்தில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். மூன்றாவதில் மட்டும் ஒரு வரி: 15 ஆண்டு வரம்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, மசோதாவுக்கு அப்படியே ஓட்டுப் போடச் சொன்னால் அதற்கும் சேர்த்துத்தானே ஆகிறது? "பதிவேடு, இடைநிறுத்தம் ஆகிய பகுதிகளுக்கு ஆதரவாக" என்று மாற்றினால் எங்களைப் போன்றவர்களும் கையெழுத்துப் போடுவோம்.

மூன்றாம்_மாடி பதில்:

மாற்றாதீர்கள். 15 ஆண்டு வரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்தவரிடம் புகாரோடு போனால் கோர்ட் வளாகத்தில் எவனும் சாட்சி சொல்ல வரமாட்டான்.

தாழ்வாரம் பதில்:

அதை நீங்கள் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், கடிதத்துக்கு இரண்டு சொல் போதும்: "வரம்பு பற்றி மாற்றுக்கருத்து உண்டு". மறைக்காமல் எழுதினால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

ஆரணிக்காரரே, இன்னும் இரண்டு விஷயம். உங்கள் மகள் விஷயத்தில் படிவம் 13-ல் புகார் கொடுக்க வழி இருக்கிறது, விதி 13-ன் கீழ், அந்த நோட்டரியை நியமித்த அரசிடம். செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஏனென்றால் அந்தப் பத்திரத்தின் மேலேயே கேள்வி வரும், கடன் வந்து கைக்குச் சேர்ந்த பிறகு யோசியுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு நோட்டரியும் ஜனவரி முதல் வாரத்தில் முந்தைய ஆண்டு என்னென்ன செய்தார் என்று அரசுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று மாநிலச் சட்டத் துறைக்குத் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள், பத்து ரூபாய்தான். அந்தப் பதிலைக் கடிதத்தோடு இணைத்தால் எம்.பி. கேள்வி போடுவது சுலபம், அவருடைய உதவியாளருக்குப் பாதி வேலை குறையும்.

அனுப்பும்போது மின்னஞ்சல் மட்டும் போதாது. கூட்டத்தொடருக்கு முன்னால் அவர் தொகுதியில் இருக்கும் நாட்களில் நேரில் கொடுத்து, பிரதியில் தேதியோடு கையொப்பம் வாங்கி வையுங்கள். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு கொடுத்தால் அடுத்த தொடருக்குத் தள்ளிப்போகலாம்.

ஆரணிக்காரன் பதில்:

தகவல் உரிமை மனுவை இன்றைக்கே எழுதுகிறேன். அதற்கு நோட்டரி கையெழுத்து தேவையில்லையே?

தாழ்வாரம் பதில்:

தேவையில்லை. கேட்டால் தராதீர்கள்.